மார்ச் வரைக்கும் இருந்துட்டு போங்க மிஸ்

வணக்கம் சார்,

நாமக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல 11 வருஷமா மேத்ஸ் எடுக்கறேன். டென்த் ரெண்டு செக்‌ஷன், மொத்தம் 98 பசங்க. காலைல ஏழரை மணி ஸ்பெஷல் கிளாஸ்ல ஆரம்பிச்சா சாயங்காலம் ஸ்டடி முடியற வரைக்கும் கத்தணும். ஆறு மாசமா தொண்டை கட்டிக்கிட்டே இருந்துச்சு, ஈஎன்டி டாக்டர் பாத்துட்டு குரல் நாண்ல முடிச்சு மாதிரி வந்திருக்கு, பேச்ச குறைங்கன்னுட்டார். ரிசைன் பண்றேன்னு போய் நின்னா கரஸ்பாண்டன்ட் "பசங்க லைஃப யோசிங்க மிஸ், மார்ச் வரைக்கும் இருந்துட்டு போங்க, வேணும்னா மைக் வாங்கி தர்றோம்"ங்கறார். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. மாமியார் டீச்சர் வேலைய யாராச்சும் விடுவாங்களான்னு கேக்கறாங்க. பசங்கள பாதில விடறோமேன்னு எனக்கும் தூக்கம் வரல. நீங்க காலேஜ் வேலைய விட்டவர்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன். பேர் போட வேண்டாம்.

*

அன்புள்ள மிஸ்,

பேர் வேண்டாம்னதால நானும் பசங்க மாதிரியே கூப்பிட்டுக்கறேன்.

மொதல்ல அந்த மைக். டாக்டர் பேச்ச குறைங்கன்னு சொன்னா அவங்க சத்தத்த கூட்டித் தர்றேங்கறாங்க பாருங்க, அதுலயே எல்லாம் இருக்கு. குரல் நாண் முடிச்சு வாத்தியார்களுக்கும் பாடகர்களுக்கும் நிறைய வர்ற விஷயம்தான், ஆரம்பத்துலயே குரலுக்கு ஓய்வு குடுத்து பேச்சுப் பயிற்சி எடுத்தா பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஆனா டென்த் வெச்சுக்கிட்டு ஓய்வு எங்க குடுக்கறது. அதனால மார்ச் வரைக்கும் இருக்காதீங்க. மார்ச் முடிஞ்சா ஏப்ரல்ல அட்மிஷன் கேன்வாசிங்னு வீடு வீடா நோட்டீஸோட அனுப்புவாங்க, ஜூன்ல புது டென்த் வந்து உக்காந்திருக்கும், அந்த பசங்களுக்கும் லைஃப் இருக்குமில்ல.

"ஆசிரியப்பணியே அறப்பணி அதற்கே உன்னை அர்ப்பணி"ன்னு ஸ்டாஃப் ரூம் செவுத்துல ஒட்டியிருக்கும். சம்பள உயர்வு கேட்டு போறப்பவும் இதத்தான் சொல்லுவாங்க, லீவு கேக்கறப்பவும் இதுதான். ஃபீஸ் கட்டாத பையன வெளிய நிக்க வெக்கறப்ப மட்டும் அந்த அறம் எங்கயோ போயிரும்.

நான் ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல 6 வருஷம் இருந்தேன். டென்த் மார்க்‌ஷீட்லருந்து எம்.இ. டிகிரி வரைக்கும் அவங்க பீரோல. பாஸ்போர்ட் எடுக்கணும்னு பொய் சொல்லி வாங்கிட்டு வந்து ஜெராக்ஸ திருப்பி குடுத்தவங்க உண்டு, எனக்கு அந்த சாமர்த்தியம் பத்தல, 3 மாச சம்பளத்த கட்டித்தான் மீட்டேன், அடகுக் கடை மாதிரி. நீங்களும் ரிசைன்னு வாயத் திறந்துட்டீங்க, இனி பாஸ்போர்ட் கதை எடுபடாது. அதனால எல்லாத்தையும் எழுத்துல பண்ணுங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல நோட்டீஸ் எத்தன நாள்னு பாத்து, கடைசி வேலை நாள் எதுன்னு தேதியோட, டாக்டர் சீட்டோட காப்பிய வெச்சு, என்னென்ன ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்குன்னு வரிசையா எழுதி திருப்பிக் கேட்டு ஒரே லெட்டரா குடுங்க. நேர்ல வாங்கி சீல் போட்டுத் தரலன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வெச்சுக்கங்க. கோவத்த மட்டும் அதுல எழுதாதீங்க, அடுத்த ஸ்கூல்காரன் போன் பண்ணி விசாரிப்பான்.

இன்னொண்ணு, உங்க கடிதத்துல காசப் பத்தி ஒரு வார்த்த இல்ல. 11 வருஷம்! கிராஜுவிட்டி வரணும் உங்களுக்கு, பல வருஷம் வேலை பாத்ததுக்கு போறப்ப தர்ற பணிக்கொடை. ஸ்கூல் டீச்சருங்க கிராஜுவிட்டி சட்டத்துல வரமாட்டாங்கன்னு 2004ல சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான், அப்புறம் 2009ல சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல்லருந்து செல்லும்னு போட்டு டீச்சருங்கள சேத்தாங்க, பிரைவேட் ஸ்கூல்காரங்க அத எதிர்த்து கேஸ் போட்டு 2022ல தோத்துட்டாங்க. கணக்கு நீங்களே போடுங்க, கடைசி மாச பேசிக்கும் டிஏவும் கூட்டி 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து 11ஆல பெருக்கணும். பேசிக் 10,000ன்னு வெச்சாலே 63 ஆயிரத்துக்கு மேல வருது. எழுதிக் கேளுங்க, இழுத்தடிச்சா தொழிலாளர் துறைல போய் மனு குடுங்க. சில ஸ்கூல்ல மே மாசம் நிறுத்திட்டு ஜூன்ல புதுசா சேத்த மாதிரி பேப்பர் பண்ணி சர்வீஸ உடைப்பாங்க, உங்களுக்கும் அப்படி ஏதாச்சும் ஆர்டர் குடுத்திருந்தாங்கன்னா தூக்கிப் போட்டுறாதீங்க. பிஎஃப் பிடிச்சிருந்தா உடனே எடுத்து வாஷிங் மெஷின் வாங்காம அப்படியே விட்டு வைங்க, 10 வருஷ சர்வீஸ் இருந்தா பின்னால பென்ஷன் உண்டு.

சரி, பசங்க.

உ.வே.சா. திருவாவடுதுறை மடத்துல பாடம் சொல்லிட்டு இருந்தவர். கும்பகோணம் காலேஜ்ல தமிழ்ப் பண்டிதரா இருந்த தியாகராச செட்டியார் வேலைய விட்டு போறப்ப, என் எடத்துக்கு இவர போடுங்கன்னு காலேஜ்ல சொல்லி, மடத்துக்கும் வந்து, விட மனசில்லாத மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்கிட்ட கேட்டு 1880ல கூட்டிட்டு போனார். அந்த வருஷமே கும்பகோணத்துல முன்சீபா இருந்த சேலம் ராமசாமி முதலியார் இவர பாத்து சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார், 1887ல ஓலைச்சுவடிலருந்து இவர் பதிப்பிச்ச சிந்தாமணி அச்சுல வந்துச்சு. வேலைய விட்டா உங்களுக்கும் ஏதாச்சும் சுவடி கிடைக்கும்னு சொல்ல வரல. எனக்கு இதுல புடிச்சது செட்டியார்தான். போறப்ப யார்கிட்ட விட்டுட்டு போறோம்னு யோசிச்சாரே, அது மட்டும்தான் நாம பசங்களுக்கு தர வேண்டிய பாக்கி. தொண்டைய இல்ல.

நான் அத செய்யல. செமஸ்டர் நடுவுல விட்டுட்டு போனவன், ரெண்டு மாசம் கழிச்சு ரிலீவிங் ஆர்டர் வாங்கப் போனப்ப கேன்டீன்ல ஒரு பையன் ஓடி வந்து "சார், புது சார் செம சார், இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் குடுக்கறார்"னு சொன்னான். நீங்க நெனக்கற அளவுக்கெல்லாம் பசங்க ஏங்க மாட்டாங்க மிஸ், கொஞ்சம் வலிக்கும், தயாரா இருங்க. ஆனா கடைசி பெஞ்சுல தமிழ் மீடியத்துலருந்து வந்த ஒருத்தன் இருந்தான், கிளாஸ் முடிஞ்சதும் அவனுக்கு மட்டும் தமிழ்ல இன்னொரு தடவ சொல்லுவேன், புதுசா வந்தவருக்கு அது எப்படி தெரியும், அவனும் வாயத் தொறந்து கேக்கற ஆள் இல்ல. அந்த பேப்பர்ல அவனுக்கு அரியர் விழுந்துச்சு.

98 பசங்கள்ல உங்களுக்கும் அப்படி ஒரு எட்டு பத்து பேர் இருப்பாங்க. யாருக்கு காரணிப்படுத்தல் வராது, யாருக்கு வந்தும் போர்டுக்கு கூப்பிட்டா கை நடுங்கும், யாரோட அப்பாவுக்கு போன் பண்ணா வீட்ல அடி விழும், ஒரு பக்கத்துல எழுதி வரப்போற டீச்சர் கைல குடுங்க, ஆபீஸ்ல குடுக்காதீங்க. அத எழுத மைக் தேவைப்படாது.