வாசகர் கேள்விகள்: நாய்க்கு எந்தக் காப்பீடு?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் வளர்கிறது. அண்மையில் உண்ணிக் காய்ச்சல் வந்து, சிகிச்சைச் செலவு கையைக் கடித்துவிட்டது. காப்பீடு எடுக்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு வகையைச் சொல்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்? – வாசகி, திருச்சி.

பதில்: பிரீமியம் எவ்வளவு என்பதற்கு முன், அந்தப் பாலிசி எந்தச் சூழ்நிலையில் பணம் தரும் என்று கேளுங்கள். காதில் அடையாள வில்லை பொருத்திய கறவை மாடு இறந்தால் அதன் மதிப்பை உரிமையாளருக்குக் கொடுப்பதே நம் ஊர்க் கால்நடைக் காப்பீட்டின் நோக்கம். பொதுத்துறை நிறுவனங்களின் பழைய நாய்க் காப்பீடும் பெரும்பாலும் அதே அச்சில் வார்த்ததுதான். விபத்தாலோ நோயாலோ நாய் இறந்தால் அதன் சந்தை மதிப்பை ஒட்டிய தொகை வருமே தவிர, அதைப் பிழைக்க வைக்க நீங்கள் செய்யும் செலவுக்கு அதில் இடமிருக்காது. பிள்ளைபோல் வளர்க்கும் நாய்க்கு இந்த வகை மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்குத் தேவை, 2020-ஐ ஒட்டித் தனியார் நிறுவனங்கள் கொண்டுவந்த சிகிச்சைக் காப்பீடு. அறுவை சிகிச்சையும் மருத்துவமனையில் சேர்த்துப் பார்ப்பதும் இதில் அடிப்படை. வெளிநோயாளிச் சிகிச்சை, இறப்பு, திருட்டு, காணாமல் போவது போன்றவை பெரும்பாலும் கூடுதல் பிரீமியத்தில் வரும் துணைக் காப்புகள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயை நாம் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வைப்பதில்லை. நாள்தோறும் அழைத்துப் போய், ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி, மாலையில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். உள்நோயாளியாகச் சேர்த்தால் மட்டுமே பணம் என்ற நிபந்தனை உள்ள பாலிசியில் இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஆகவே வெளிநோயாளிக் காப்பைச் சேர்த்தே வாங்குங்கள். அதற்கெனத் தனி உச்சவரம்பு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்களுக்கும், காத்திருப்புக் காலத்தில், அதாவது பாலிசி தொடங்கியபின் காப்பு நடைமுறைக்கு வரும் வரையான நாட்களில், வரும் நோய்களுக்கும் இழப்பீடு கிடைக்காது. லாப்ரடார்களுக்கு அதிகம் வரும் இடுப்பு மூட்டுக் குறைபாட்டைப் பிறவிக் குறை என்று சொல்லி விலக்கும் பாலிசிகளும் உண்டு என்பதால், அதைப் பெயர் சொல்லிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரிட்டனில் ஒரே நோய்க்கு ஆண்டுதோறும் தொடர்ந்து பணம் தரும் வாழ்நாள் பாலிசிகள் பரவலாக விற்கின்றன; இங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஓராண்டுப் பாலிசிகள். புதுப்பிக்கத் தவறிவிட்டால், இடையில் வந்த நோய் அடுத்த பாலிசியில் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும்.

தடுப்பூசிப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கு ஊசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால் அந்த நோய்களுக்கான கோரிக்கை தள்ளுபடியாக வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு அதில் ஒட்டப்பட்டிருக்கிறதா, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் தபால்காரரைக் கடித்துவிட்டால் காப்பீடு உதவுமா? – வாசகர், மதுரை.

பதில்: மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பு இருந்தால், சட்டப்படி நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் வரம்புக்குள் ஏற்கும். ஆனால், வளர்ப்பு விலங்கைக் கட்டுப்படுத்தத் தவறுவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அந்த அபராதத்தைக் காப்பீடு கட்டாது.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்குக் காப்பீடு கிடைக்குமா? – வாசகி, கோவை.

பதில்: கிடைக்கும். சந்தை விலையைக் கணக்கிடும் பழைய வகையில் அதற்கு மதிப்புப் போடுவது கடினம் என்றாலும், சிகிச்சைக் காப்பீடுகளில் நாட்டு இனத்தையும் கலப்பினத்தையும் ஏற்பவை உண்டு. பிறந்த தேதி தெரியாத நாய்க்குக் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து வயதைக் கணித்துச் சான்று தருவார். நுழைவு வயதுக்கு வரம்பு இருப்பதால் அந்தச் சான்றை முதலில் வாங்கிவிடுங்கள்.