ஒத்து ஊதுவது என்ன லேசா?

(குன்னூரில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்து ஓய்வு பெற்ற இசையாசிரியர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. குன்னூரில் சனிக்கிழமைதோறும் கூடும் சிறுவர் இசைக்குழுவில் இரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வயலின் வாசிக்கிறான். வீட்டில் வாசித்தால் பாட்டு என்று எதுவும் காதில் விழவில்லை. ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறான். "ஒத்து ஊதவா மாதாமாதம் பணம் கட்டுகிறோம்?" என்கிறார் மாமனார். குழுவிலிருந்து நிறுத்தித் தனி வகுப்பில் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் மாமனார் பொருத்தமான சொல்லைத்தான் எடுத்திருக்கிறார், அம்மா. அதை ஏன் வசவாக்கினார் என்பதுதான் தெரியவில்லை. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் ஆதார ஸ்ருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் ஸ்ருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கச்சேரி நடுவே மின்சாரம் போய்ப் பெட்டி ஊமையானபோது ஒரு வித்வானின் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வயலின்காரர்கள் பெரும்பாலும் பாட்டைச் சுமப்பார்கள். அதற்குக் கீழே இசைவான ஸ்வரங்களையும் தாள நடையையும் கொடுப்பது இரண்டாம் வரிசை. அதை மட்டும் வீட்டில் கேட்பது, தறியில் பாவு நூலை மட்டும் பார்த்துவிட்டுச் சேலை எங்கே என்று கேட்பதைப் போல. ஒரு சனிக்கிழமை மாமனாரையும் பஸ் ஏற்றிக் குன்னூருக்கு அழைத்து வாருங்கள். பையனின் வரிசைக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு வருடம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் 'கேனன்' எடுத்தோம். மூன்று வயலின்கள் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும். அடியில் தாழ்ந்த ஸ்வரம் கொடுக்கும் பெரிய கருவியான செல்லோவுக்கு வெறும் எட்டு ஸ்வரங்கள். அதையே 28 முறை வாசிக்க வேண்டும். செல்லோ வாசித்த சிறுமி எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வருபவள். "சார், இதை எங்கள் வீட்டு ஆடுகூட வாசிக்கும்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன், அது என் தப்பு. ஒத்திகைக்கு முந்தின நாள் அவள் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். எட்டு ஸ்வரம்தானே, இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் தாளத்தை விட்டு ஓடினான், அடுத்தவன் அவனைப் பிடிக்க ஓடினான், மூன்றாவது பெண் எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியாமல் வில்லைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்குத் தேநீர் இடைவேளை அரை மணி நேரம் முன்னதாகவே வந்தது.

ஐப்பசி மழை எங்கள் தகரக் கூரையில் அடிக்கும்போது பக்கத்து வயலினே கேட்காது. அப்போது பிள்ளைகள் முன்வரிசையின் வில் நுனியைப் பார்த்து, மூச்சைப் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள். தனி வகுப்பில் இதற்கு வழியில்லை. அங்கே அவன் வேகம் தவறினாலும் ஆசிரியர் கூடவே தவறிக் காப்பாற்றிவிடுவார். (நானும் அப்படிச் செய்தவன்தான்.)

ஆகவே நிறுத்தாதீர்கள். விரல் தேறத் தனி வகுப்பும் வேண்டும் என்றால் வாரம் ஒன்று கூடுதலாக வையுங்கள். முதல் வரிசைக்கு மாற்றச் சொல்லி மட்டும் ஆசிரியரை நச்சரிக்க வேண்டாம். பல குழுக்களில் ஆண்டுதோறும் பிள்ளைகளை மாற்றி உட்கார வைப்பார்கள்.

கேள்வி: மார்கழிக் குளிரில் எங்கள் பிள்ளைகளின் புல்லாங்குழலும் வயலினும் ஒத்துப்போகவே இல்லை. கருவி கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: கருவி நன்றாகவே இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. அதனால் ஊதுகருவியின் ஸ்ருதி இறங்கும். உலோகத் தந்தியோ குளிரில் சுருங்கி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் எங்கே சேரும்? குழல்காரர்களைப் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு வயலின்களைக் குழலுக்குச் சேருங்கள். மூங்கில் குழலை நீட்டவோ குறைக்கவோ முடியாது, அதனால் விட்டுக்கொடுக்க வேண்டியது வயலின்தான்.

கேள்வி: மகள் நான்கு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இசைக்குழுவில் சேர முடியுமா?
- ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: தாராளமாக. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுத்தான் வயலினை நம் பக்கம் கொண்டுவந்தார். உங்கள் மகள் வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போகிறாள், அவ்வளவுதான். தரையில் அமர்ந்து பாதத்தில் ஊன்றிப் பழகியவள் இனி தாடையில் தாங்க வேண்டும். ஸா-பா-ஸா-பா சேர்ந்த தந்திகளை மேற்கத்திய ஸ்வரங்களான ஜி-டி-ஏ-இ என்று மாற்ற வேண்டும். ஐந்து கோட்டு இசைக்குறிப்பும் படிக்க வேண்டும். இவற்றுக்கு ஆறு மாதம் கொடுங்கள். கஷ்டம் வேறு இடத்தில்: பக்கத்தில் எல்லோரும் நேராக நிற்கிற ஸ்வரத்தில் இவள் விரல் தன்னையறியாமல் கமகம் போட்டு ஸ்வரத்தை அசைக்கும். முடிந்தால் இன்னொரு வயலினை, பழையதாக இருந்தாலும் சரி, வாங்கிவிடுங்கள். ஒரே கருவியின் ஸ்ருதியை வாரத்துக்கு இருமுறை மாற்றினால் தந்தி அறும், அதை முறுக்கும் பிருடையும் தேயும்.