பெட்டி போடும் நிரலுக்கு அண்டூ, ரீடூ: கேள்வி பதில்

படத்தின் மேல் பெட்டி, பலகோணம், மாஸ்க் (பிக்சல் பிக்சலாக நிரப்பிய பகுதி) போட்டுப் பெயர் வைக்கும் நிரல்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். பைத்தான், பைசைடு 6 (க்யூட் 6 நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்தும் தொகுப்பு) என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கேட்பவரை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

பண்ருட்டி: பலா இலை நோய்ப் படங்களில் பெட்டி போட ஒரு நிரல் எழுதியிருக்கேன் அக்கா. அண்டூவை எங்கே ஆரம்பிக்கிறது?

பெட்டிப் பட்டியலைத் தொடும் வரிகளை முதலில் தேடுங்கள் தம்பி. மவுஸில் ஒன்று, வலது கிளிக் மெனுவில் ஒன்று, டெலீட் விசையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். இனிமேல் பட்டியலை மாற்றும் உரிமை கட்டளைக்கு (ஒரு மாற்றத்தையும் அதைத் திருப்பும் வழியையும் வைத்திருக்கும் பொருள்) மட்டும்தான். சேர், நீக்கு, வடிவம் மாற்று, பெயர் மாற்று என்று நான்கு போதும். ஒவ்வொன்றும் க்யூட் தரும் க்யூஅண்டூகமாண்டு கிளாஸின் வாரிசு. க்யூட் 6-இல் இது க்யூட்விட்ஜெட்ஸ் மாட்யூலை விட்டு க்யூட்ஜியுஐ மாட்யூலுக்குப் போய்விட்டது. பழைய உதாரணத்தை அப்படியே ஒட்டினால் இம்போர்ட்டிலேயே விழும்.

கட்டளையை ஸ்டேக்கில் (கட்டளைகளை வரிசையாக அடுக்கும் க்யூஅண்டூஸ்டேக்) புஷ் செய்த உடனே, அதாவது சேர்த்த உடனே, அதன் ரீடூ ஒருமுறை தானாக ஓடும். பெட்டியை நீங்களே சேர்த்துவிட்டுப் புஷ் செய்தால் இரண்டு பெட்டி வரும். அதேபோல 'பத்து பிக்சல் தள்ளு' என்று வித்தியாசத்தைச் சேமிக்காமல், பழைய இடம், புதிய இடம் இரண்டையும் முழுதாகச் சேமியுங்கள். அதுவும் படத்தின் பிக்சலில். திரையின் பிக்சலில் வைத்தால் ஜூம் மாறியதும் பெட்டி வேறெங்கோ போய் நிற்கும்.

முக்கியமானது: கட்டளைக்குள் பெட்டிப் பொருளையே வைக்காதீர்கள், அதன் ஐடியை (அடையாள எண்ணை) வையுங்கள். ஒரு பெட்டியை நகர்த்தி, பிறகு நீக்கி, இரண்டு முறை அண்டூ அடித்துப் பாருங்கள். முதல் அண்டூ புதுப் பொருளை உருவாக்கியிருந்தால், இரண்டாவது அண்டூ செத்துப்போன பழைய பொருளைத்தான் நகர்த்தும். திரையில் ஒன்றும் அசையாது.

லாஸ்பேட்டை: ஒரு பெட்டியை இழுத்தால் திருப்ப எண்பது தடவை கண்ட்ரோல் இஸட் அடிக்க வேண்டியிருக்கு.

மவுஸின் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கட்டளை போட்டிருக்கிறீர்கள். அழுத்தும்போது பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, விடும்போது ஒரே ஒரு புஷ். பழைய இடமும் புதிய இடமும் ஒன்றாக இருந்தால் புஷ்ஷே கூடாது. அம்புக்குறி விசையால் நகர்த்துவதற்கு, அடுத்தடுத்த கட்டளைகளை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ்வித் எழுதுங்கள். கூடவே கட்டளையின் ஐடி ஃபங்ஷனும் (பெட்டியின் ஐடி அல்ல) ஒரு எண் தர வேண்டும். இயல்பாக அது -1; அப்படியே விட்டால் எதுவும் இணையாது. மெர்ஜ்வித்துக்குள் 'அதே பெட்டிதானா' என்று பார்க்க மறந்தால் இரண்டு பெட்டியின் நகர்வு ஒன்றாகிவிடும்.

வில்லியனூர்: ஓலைச்சுவடி ஸ்கேனில் எழுத்துகளைப் பிரஷ்ஷால் நிரப்புறோம். கொஞ்ச நேரத்தில் மெமரி தீருது.

ஒவ்வொரு தீற்றலுக்கும் முழு மாஸ்க்கை நகலெடுக்கிறீர்கள். 8000×1500 படம், பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் 12 எம்பி. ஐம்பது தீற்றலுக்கு 600 எம்பி. தீற்றல் தொட்ட செவ்வகத்தை மட்டும் வையுங்கள். 200×150 என்றால் 30 கேபி, முன்னும் பின்னும் சேர்த்து 60 கேபி. பிரஷ்ஷின் ஆரத்தையும் செவ்வகத்தில் சேர்க்க வேண்டும், படத்தின் ஓரத்தோடு வெட்டவும் வேண்டும். நம்பையில் (பைத்தானின் அணி நூலகம்) வெட்டியெடுத்த துண்டு நகல் அல்ல, மூல அணியின் மேல் ஒரு ஜன்னல். காப்பி போடாவிட்டால் அண்டூ இப்போதைய நிலையையே திரும்ப வரையும்.

கடலூர் முதுநகர்: ரீடூ திடீர்னு காணாமப் போகுது.

அண்டூ செய்தபின் புதிதாக ஏதாவது செய்தால் ரீடூ அழியும், அது வழக்கம். ஒன்றும் செய்யாமலே அழிந்தால் வெறும் கிளிக்குக்குப் புஷ் போகிறது. லாஸ்பேட்டைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நெய்வேலி: கட்டளை, வாரிசு எல்லாம் எதற்கு மேடம்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் முழுப் பட்டியலையும் டீப்காப்பி (உள்ளே உள்ள பொருள்களோடு முழு நகல்) எடுத்து வைத்தால் முடிந்தது. படத்துக்குப் பெயர் வைக்கும் லேபிள்மீ நிரலும் வடிவங்களை நகலெடுத்துத்தானே வைக்கிறது?

பெட்டி மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். முந்நூறு பெட்டி சில பத்து கேபிதான். டீப்காப்பிக்குப் பதில் வெறும் காப்பி எடுத்தால்தான் வம்பு: உள்ளே அதே பொருள்கள், எல்லா நகலும் ஒன்றுபோல மாறும்.

நெல்லிக்குப்பம்: டீப்காப்பியும் சரிவரலை. அண்டூக்குப் பிறகு தேர்ந்தெடுத்த பெட்டியை இழுத்தால் நகரவே மாட்டேங்குது.

தேர்வு பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடியும் ஐடிதான்.

நெய்வேலி: அப்போ ஐடியோடு ஸ்னாப்ஷாட் (முழுப் பட்டியலின் நகல்). கட்டளை இன்னும் தேவைப்படலையே!

வில்லியனூர்: எங்களுக்குப் பெட்டியும் உண்டு, மாஸ்க்கும் உண்டு. பெட்டிக்கு ஸ்னாப்ஷாட், மாஸ்க்குக்குக் கட்டளை என்று வைத்துக்கலாமா?

இரண்டு வரலாறு வைத்தால் எது கடைசியாக நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நெய்வேலியின் ஸ்னாப்ஷாட்டைக் கட்டளைக்குள்ளேயே போடுங்கள்: முன் பட்டியல், பின் பட்டியல், ஒரே புஷ். மாஸ்க் கட்டளையும் அதே ஸ்டேக்கில் போகட்டும்.

நெய்வேலி: கடைசியில் கட்டளையிலேயே கொண்டுவந்து விட்டீர்கள்.

ஸ்னாப்ஷாட்டும் உள்ளேதானே இருக்கிறது!

அரியாங்குப்பம்: எத்தனை படி வைக்கலாம்?

இருநூறு. இந்த எண்ணிக்கையை வைக்கும் செட்அண்டூலிமிட்டை ஸ்டேக் காலியாக இருக்கும்போதே போடுங்கள். பிறகு போட்டால் எடுபடாது.

திருப்பாதிரிப்புலியூர்: ரீடூ அழிகிறது, ஏன்?

மேலே கடலூர் முதுநகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பாகூர்: பெட்டிகளை வைத்து மாடலின் துல்லியத்தை எப்படிக் கூட்டுவது?

அது என் பக்கம் இல்லை. மாடல் பயிற்சி செய்பவர்களிடம் கேளுங்கள்.

காலாப்பட்டு: அடுத்த படத்துக்குப் போய் கண்ட்ரோல் இஸட் அடித்தால் முந்தைய படத்தில் பெட்டி மாறுது. நமக்குத் தெரியவே மாட்டேங்குது.

படத்துக்கு ஒரு ஸ்டேக் வையுங்கள். எல்லாவற்றையும் க்யூஅண்டூகுரூப்பில் (பல ஸ்டேக்குகளை ஒன்றாக வைக்கும் குழு) சேர்த்து, படம் மாறும்போது அந்தப் படத்தின் ஸ்டேக்கைச் செயலில் வையுங்கள். மெனுவின் அண்டூ, ரீடூ ஆக்‌ஷனையும் குரூப்பிலிருந்தே எடுங்கள். சேமித்ததும் அந்த ஸ்டேக்கில் செட்கிளீன் (இதுதான் சேமித்த நிலை என்று குறிப்பது). தலைப்பில் 'சேமிக்கவில்லை' என்று காட்டும் நட்சத்திரக் குறி வரவும் போகவும் கிளீன்சேஞ்சுடு சிக்னல் போதும், தனியாக ஒரு கொடி வேண்டாம்.