வெயில் ஊரில் சூடேறாத இஞ்சின்

சித்திரை மாதத்தில் காரைக்குடியில் நின்றுகொண்டு "வண்டி சூடாகவில்லை" என்று சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள். ஆனால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான்.

அப்பா வைத்திருந்த பெட்ரோல் அம்பாசடர். இருபது நிமிடம் ஓட்டினாலும் சூட்டு ஊசி பாதிக்கு வருவதில்லை. குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை உள்ளே தள்ளி நிறுத்தினால் திணறுகிறது. மெக்கானிக்கோ, "சூடாகாவிட்டால் நல்லதுதானே ஐயா" என்கிறார். – தேவகோட்டை வாசகர்

நல்லதில்லை. முதலில் தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டும். போதிய சூடு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் திறந்து வையுங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிறியில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் வால்வு சரி. ஆரம்பத்திலிருந்தே இஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. அல்லது அங்கே வால்வே இல்லை!

என் சந்தேகம் இரண்டாவதன்மேல்தான். என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் வால்வுக் கூடு காலியாக இருப்பது சகஜம். என்றோ ஒரு நாள் ரேடியேட்டர் அடைத்துத் தண்ணீர் கொதித்திருக்கும். அடைப்பை எடுப்பதற்குப் பதிலாக, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று வால்வைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அதன் கணக்கு இப்போது வருகிறது. சூடேறாத இஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் வளையம் தேயும், மைலேஜும் விழும்.

வால்வு சரியாக இருந்தும் ஊசி ஏறாவிட்டால் மீட்டர் பொய் சொல்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய வால்வு நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? – பள்ளத்தூர் வாசகர்

முடியும்; ஆச்சி அடுப்படியில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நான் ஒரு முறை பால் காய்ச்சும் பாத்திரத்தில் செய்து, அந்தப் பாத்திரத்தையே விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

முதலில் வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் உள்ள சிறு காற்றுத் துளையைத் தவிர வேறு எங்கும் ஒளி தெரியக் கூடாது. பிறகு நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, கூடவே வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். வால்வின்மேல் 82, 88 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அந்த டிகிரியை ஒட்டி உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து, தட்டு மெதுவாக எழும்பும். அடுப்பை அணைத்ததும் திரும்ப மூட வேண்டும். திறந்தே நின்றால் குப்பைத் தொட்டிக்குத்தான்.

புதியது வாங்கும்போது அதே எண்ணைக் கேளுங்கள். காற்றுத் துளை மேல்பக்கம் வரும்படி பொருத்தி, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள்.

மாருதி 800. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி ஓடுகிறது. இதனால்தான் சூடாகவில்லையா? – புதுவயல் வாசகர்

சூடேறிய பிறகு விசிறியை ஓட வைக்கும் சுவிட்ச் கெட்டதும் யாரோ நேரடி இணைப்புக் கொடுத்திருப்பார்கள். அதைச் சரிசெய்யுங்கள். ஆனால் வால்வு மூடியிருந்தால் விசிறி மட்டும் இஞ்சினை இவ்வளவு குளிர வைக்காது. இரண்டையும் பாருங்கள்.

ஆயில் மூடியின் உள்ளே வெண்ணெய் போல வெள்ளையாகப் படிகிறது. ஆயிலில் தண்ணீர் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? வாரம் ஒரு முறை பிள்ளையார்பட்டிக்கு மட்டும்தான் வண்டியை எடுக்கிறோம். – குன்றக்குடி வாசகர்

பயப்பட வேண்டாம். ஆயில் அளவுக் குச்சியில் சுத்தமான ஆயில் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால், அது உள்ளே வியர்த்த ஈரம் ஆயிலோடு கலந்ததுதான். உங்கள் ஊரிலிருந்து பிள்ளையார்பட்டி கூப்பிடு தூரம். வால்வு நன்றாக இருந்தாலும் ஆயில் சூடேறுவதற்குள் கோயில் வந்துவிடும். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே திருமயம் கோட்டை வரை போய் வாருங்கள். அதன் பிறகும் படிந்தால் வால்வைப் பாருங்கள்.

ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் போதாதா? – கானாடுகாத்தான் வாசகர்

போதாது. அதிலுள்ள உப்பு படிந்துதான் ரேடியேட்டர் அடைக்கிறது. காய்ச்சி வடித்த நீரில், ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட் திரவத்தைக் கலந்து ஊற்றுங்கள். வளவு முற்றத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அவசரத்துக்கு அதுவே மேல், வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள்.