ஹேரத் காத்திருந்தாரா?

அன்புள்ள சார்,

சுழற்பந்து வீச்சாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இலங்கையின் ரங்கன ஹேரத்தை இரண்டு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். முரளிதரனின் நிழலில் பத்து ஆண்டுகளைத் தொலைத்தவர் அவர். வேறு நாட்டில் பிறந்திருந்தால் 600 விக்கெட் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம். என் அக்கா மகனும் இடக்கை ஸ்பின்னர், வயது 19. மாவட்ட லீகில் நல்ல அணி ஒன்றில் இருக்கிறான். அங்கே மூத்த ஸ்பின்னர் ஒருவர் இருப்பதால் பாதி சீசன் தண்ணீர் பாட்டில் தூக்குவதிலேயே போகிறது. "ஹேரத்தைப் பார், பொறுமையாக இரு" என்று அவனுக்குச் சொல்லிவருகிறேன். நான் சொல்வது சரிதானே?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

முதலில் அந்த 600 கணக்கு. ஹேரத்தை ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பிறக்கவைத்துப் பாருங்கள். குள்ளமான உருவம், கொஞ்சம் தொந்தி, படுத்தியெடுத்த முழங்கால்கள். பந்தில் பெரிய துள்ளல் கிடையாது, வேகமும் கிடையாது. அங்கே மாநில அணியைத் தாண்டியிருப்பாரா என்பதே சந்தேகம். காலே மைதானமும் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானமும் இல்லாமல் ஹேரத்தை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இதை அவரைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 டிசம்பரில் டர்பனில் ஒன்பது விக்கெட் எடுத்து, தென்னாப்பிரிக்க மண்ணில் இலங்கைக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் ஸ்பின்னர் என்பவர் பாதி அவர் வளர்ந்த மண்.

முரளியின் நிழல் என்கிறீர்கள். அதில் ஒரு பெயர் விட்டுப்போகிறது: சனத் ஜெயசூர்யா. முரளி ஆஃப் ஸ்பின்னர், ஹேரத் இடக்கை. இருவரும் சேர்ந்து ஆடத் தடையேதும் இல்லை. ஆனால் தொடக்க ஆட்டக்காரராக இறங்கும் ஜெயசூர்யாவே இடக்கைச் சுழல் வீசுவார். டெஸ்டில் 98 விக்கெட், ஒருநாள் ஆட்டங்களில் 323. அந்த வேலையைச் செய்ய ஆள் ஏற்கெனவே அணியில் இருக்கும்போது, அதற்கென்று தனியாக இன்னொருவரைச் சேர்க்க எந்தத் தேர்வாளருக்கு மனம் வரும்? ஒரு நாற்காலியை முரளி எடுத்துக்கொண்டார், அடுத்ததை ஜெயசூர்யா. அவர் டெஸ்டிலிருந்து விலகியதும் 2008இல் அஜந்த மெண்டிஸ் வந்தார். இந்தியாவுக்கு எதிரான தன் முதல் தொடரிலேயே மூன்று டெஸ்டில் 26 விக்கெட்! விரலால் சுண்டி வீசும் அவருடைய கேரம் பந்தை எப்படி ஆடுவது என்று திராவிடும் லட்சுமணனுமே திணறிய தொடர் அது. ஹேரத்துக்கு அப்போது 30 வயது. அவர் கதை முடிந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ஹேரத்தும் 1999இல் அப்படி ஒரு மர்மப் பந்தோடுதான் வந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். காலேயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகம், நான்கு விக்கெட். எதிர்த்திசையில் திரும்பும் அவருடைய பந்தைப் பற்றித்தான் அன்று பேச்சு. அதன் பிறகு பத்தாண்டில் கிடைத்தவை பதினைந்து டெஸ்ட்கூட இல்லை.

அந்தப் பத்தாண்டை அவர் எப்படிக் கழித்தார் என்பதில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஹேரத் பெஞ்சில் உட்காரவில்லை. இலங்கைக் கழக ஆட்டங்களில் மூர்ஸ் அணிக்காக வீசிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்துக்குப் போய் லீக் ஆடினார். நடுவில் சம்பத் வங்கியில் வேலை வேறு. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்த விக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல். அதில் டெஸ்ட் 433. மீதி அறுநூற்றுச் சொச்சமும் டெஸ்டுக்கு வெளியே, பெரும்பாலும் பார்வையாளர் இல்லாத மைதானங்களில் எடுத்தவை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எத்தனை ஓவர் வீசியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2009 ஜூலையில் முரளிக்குக் காயம். இங்கிலாந்தில் லீக் ஆடிக்கொண்டிருந்தவரை அவசரமாக வரவழைத்தார்கள். சங்கக்காரா தலைவராக இறங்கிய முதல் டெஸ்ட், இடம் காலே. பாகிஸ்தானுக்கு இலக்கு 168. மூன்றாம் நாள் முடிவில் 71க்கு 2. யாரைக் கேட்டாலும் பாகிஸ்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலை 117க்கு எல்லாம் முடிந்தது. ஹேரத் 15 ரன்னுக்கு 4.

அன்று வீசியவர் 1999இல் வந்த ஹேரத் இல்லை. மர்மப் பந்து ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. அதனிடத்தில் நேர்ப்பந்து வந்திருந்தது. வலக்கை மட்டையாளருக்கு இடக்கை ஸ்பின்னர் கிரீஸின் ஓரத்திலிருந்து வீசும்போது பந்து உள்நோக்கி வருகிறது. தரையில் தையல் பட்டால் வெளியே திரும்பும், வழவழப்பான தோல் பட்டால் திரும்பாமல் சறுக்கிப் பேடில் அடிக்கும். கையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சில சமயம் எது திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாது, அப்புறம் மட்டையாளருக்கு எப்படித் தெரியும்? ஹேரத் செய்ததெல்லாம் லெங்த்தையும் வேகத்தையும் மயிரிழை மயிரிழையாக மாற்றியதுதான். நாலு பந்தைத் திருப்பி, மட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிட்டு, ஐந்தாவதை நேராக விடுவார். நடுவரின் முடிவைத் திரையில் மறுபரிசீலனை செய்யும் டி.ஆர்.எஸ். அதற்குக் கைகொடுத்தது. முன்பெல்லாம் காலை முன்னே நீட்டி ஆடினால் நடுவர்கள் பெரும்பாலும் கையைத் தூக்க மாட்டார்கள். பந்து ஸ்டம்பில் படும் என்று திரை காட்டத் தொடங்கியதும் நேர்ப்பந்தின் மதிப்பு ஏறிவிட்டது.

2016இல் காலேயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த ஹாட்ரிக்கைப் பாருங்கள். வோஜஸ் டிரைவ் ஆடிக் கவரில் கேட்ச், நெவில் எல்பிடபிள்யூ, ஸ்டார்க் எல்பிடபிள்யூ. கடைசியை நடுவர் மறுத்தார், ரிவியூ கொடுத்தது. அந்தத் தொடரில் மூன்று டெஸ்டில் 28 விக்கெட். வயது 38.

மெண்டிஸ் என்ன ஆனார்? 19 டெஸ்ட், 70 விக்கெட்டோடு முடிந்தது. மட்டையாளர்கள் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவர் விரல்களைப் படித்துவிட்டார்கள். 2014 உலக டி20யில் சிட்டகாங்கில் இங்கிலாந்தின் ஹேல்ஸ் அவரை அடித்து நொறுக்க, அடுத்த ஆட்டத்துக்கு அவரிடத்தில் வந்தவர் ஹேரத். நியூசிலாந்துக்கு இலக்கு வெறும் 120. ஹேரத் 21 பந்து, 3 ரன், 5 விக்கெட். நியூசிலாந்து 60 ரன்னில் சுருண்டது. டி20க்கு மர்ம ஸ்பின்னர்தான் வேண்டும் என்று இன்றைக்கும் ஏலத்தில் கோடிகளைக் கொட்டுகிறவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு காலேயில் இந்தியாவுக்கும் இதே கதி. நம் அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தும், இலக்கு 176தான் என்றிருந்தும், 112இல் படுத்தோம். ஹேரத் 7 விக்கெட். 2018 நவம்பரில், 40 வயதில், அதே காலேயில் விடைபெற்றார். இங்கிலாந்தின் ரூட்டை வீழ்த்தியபோது அந்த மைதானத்தில் அவருக்கு நூறாவது விக்கெட். தொண்ணூறுகளில் டெஸ்டில் அறிமுகமாகி அன்றுவரை ஆடிக்கொண்டிருந்த கடைசி ஆள் அவர். 433இல் ஏறத்தாழ 400 விக்கெட் முப்பது வயதுக்குப் பிறகு வந்தவை.

ஆகவே, பொறுமையாக இரு என்று மட்டும் மருமகனிடம் சொல்லாதீர்கள். ஹேரத்தைப் பொறுமையின் சின்னமாக்கிச் சுவரில் மாட்டுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. வாய்ப்புக் கொடுக்காதவர்களுக்குத்தான் அது வசதி. இலங்கையிலேயே இன்னும் எத்தனையோ ஸ்பின்னர்கள் அதே பத்தாண்டில் பொறுமையாகவே இருந்து காணாமல் போயிருப்பார்கள். 19 வயது ஸ்பின்னருக்கு வேண்டியது ஓவர்கள். வலைப்பயிற்சியில் வீசுவதைக் கணக்கில் சேர்க்க முடியாது. சிக்ஸர் வாங்கிய பிறகு அடுத்த பந்தை எங்கே போடுவது என்று வலைப்பயிற்சி கற்றுத்தராது.

ஒரு டிவிஷன் கீழே இருந்தாலும் பரவாயில்லை, முதல் ஸ்பின்னராகத் தன்னிடம் பந்தைத் தரும் அணிக்கு அவன் போகட்டும். பெரிய அணியின் சட்டையைக் கழற்றுவது கௌரவக் குறைவு என்று வீட்டில் யாராவது சொன்னால், அவர்களைச் சமாளிப்பது மாமாவான உங்கள் பொறுப்பு. அப்புறம் ஒன்று: இடக்கை மட்டையாளருக்கு எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறான், ஏன் அப்படி என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தால், அந்த மூத்த ஸ்பின்னரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.