பழைய ஃபெட்டிஷ் வீடியோக்களைப் பார்த்த ஒருவர் பொது இடத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது?

ஃபெட்டிஷ் வீடியோக்களில், அதாவது உடலின் ஒரு பகுதியின் மீதோ ஒரு பொருளின் மீதோ பாலியல் ஈர்ப்பு உள்ளவர்களுக்காக எடுக்கப்படும் வீடியோக்களில், நடித்து எட்டு ஆண்டுகள் கழிந்தும் யாராவது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றிக்கொண்டு, பழைய கணக்குகளை மூடிவிட்டு, இனி யாருக்கும் தெரியாது என்று உங்களை நீங்களே தேற்றிக்கொண்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் 24ஆவது வயதில், வாடகைப் பாக்கியை அடைப்பதற்காக, பாதங்களையும் காலணிகளையுமே முதன்மையாகக் காட்டும் 11 வீடியோக்களில் வேறொரு பெயரில் நடித்தேன். ஆடை களையவில்லை, முகமும் பெரும்பாலும் தெரியாது. இதைச் சொல்வதால் ஆடை களைந்து நடித்தவர்களைவிட நான் மேலானவள் என்று காட்டிக்கொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். முகம் தெரியாவிட்டால் ஆளும் தெரியாது என்று நான் நம்பியது எவ்வளவு பெரிய தவறு என்பதற்காகவே சொல்கிறேன். பெருங்கூட்டத்துக்காக எடுக்கப்படுவதைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட ரசனைக்காக எடுக்கப்படுவதையோ அதே சிலர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு நம் குரலும் தழும்பும்கூட மனப்பாடம்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அம்மாவின் கண் பரிசோதனைக்காக மருத்துவமனையில் காத்திருந்தபோது, எங்கள் முறை எப்போது வரும் என்று செவிலியரிடம் கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். அவருடைய பார்வை நேராக என் இடது கணுக்காலுக்குப் போனது. அங்கே சிறுவயதில் சைக்கிள் சங்கிலி கிழித்த பிறைவடிவத் தழும்பு இருக்கிறது. எழுந்து வந்து, அந்தப் பழைய பெயரைச் சொல்லி, "நீங்கள்தானா?" என்று மெல்லக் கேட்டார். அம்மா என் தோளில் சாய்ந்திருந்தார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் கையிலிருந்த டோக்கன் சீட்டு வியர்வையில் நனைந்து சுருண்டிருந்ததைக் கண்டேன். என்னைத் தெரியும் என்று சொன்னதன் மூலம் தன்னைப் பற்றியும் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ஆமாம். இப்போது அம்மாவோடு வந்திருக்கிறேன், இங்கே அதைப் பேச எனக்கு விருப்பமில்லை" என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

விரும்பித்தானே நடித்தாய், இப்போது புலம்புவது ஏன் என்று கேட்பவர்கள் இங்கும் வருவார்கள். கேமராவின் முன் அமரச் சம்மதித்தேன். அம்மாவின் எதிரில் அந்தப் பெயரால் அழைக்கப்படச் சம்மதிக்கவில்லை.

என் ஆற்றாமை எல்லாம் அந்தத் தயாரிப்பாளரின் மீதுதான். நான்கு பக்க ஒப்பந்தத்தில் எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டார். நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நீக்கக் கோரிக்கை அனுப்பலாமே என்பார்கள். அதை உரிமையாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோதான் அனுப்ப முடியும், உடலுக்குரியவர் என்பது மட்டும் போதாது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த 'மறக்கப்படும் உரிமை' தீர்ப்பும், ஒருவரின் பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளைத்தான் நீக்கச் சொல்கிறது. மூலப் பக்கம் அப்படியே இருக்கும். என் பெயரோ அந்த வீடியோக்களில் இல்லவே இல்லை. தழும்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பவரிடம் அந்தத் தீர்ப்பால் எனக்கு என்ன பயன்?

ஆகவே, சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை இப்போதே வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மறுப்பதும் ஒப்புக்கொள்வதும் உங்கள் விருப்பம், மறுத்தாலும் தவறில்லை. ஆனால் ஒருவர் பணமோ வேறெதுவுமோ கேட்டு மிரட்டினால் அது வேறு விஷயம்: எதையும் கொடுக்காதீர்கள், செய்திகளைத் தேதியோடு சேமித்துக்கொண்டு காவல்துறையிடம் போங்கள்.

அன்று அம்மா, "யாரம்மா அது?" என்று கேட்டார். பழைய வேலையில் என்னைப் பார்த்தவர் என்றேன். மருந்து விட்ட கண்களை மூடியபடியே, "உன் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?" என்று கேட்டு, என் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.