காரில் சப்வூஃபர், ஆம்ப், டேம்பிங் ஷீட்: கேள்வி பதில்

கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். ஆம்ப் என்பது ஒலியை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் என்பது தாழ்ந்த ஒலியான பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர். எந்த பிராண்ட் சிறந்தது, எந்தக் கடை மலிவு என்ற கேள்விகளைத் தவிர்த்துவிட்டேன்.

கேள்வி (ஸ்விஃப்ட், ஈரோடு): ஐயா, 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்பும் 10 அங்குல சப்வூஃபரும் வாங்கியிருக்கிறேன். கடையில் தரும் '4 கேஜ்' வயரிங் கிட் போதுமா?

பதில்: கணக்கிலிருந்து தொடங்குவோம். கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) 80 சதவீதத் திறனுடன் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 500 வாட் வெளியே வருவதற்கு 625 வாட் உள்ளே செல்ல வேண்டும், 13.8 வோல்ட்டில் அது ஏறத்தாழ 45 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரையிலான தூரத்துக்கு அந்த மின்னோட்டத்தைக் கொண்டுசெல்ல உண்மையான 4 கேஜ் செம்பு வயர், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள வயர், தாராளமாகப் போதும். சிக்கல் 'உண்மையான' என்ற இடத்தில்தான் இருக்கிறது. மலிவான கிட்டுகளில் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய வயர் இருக்கும். அதுவும் பெரும்பாலும் செம்புப் பூச்சு பூசிய அலுமினியமாகவே இருக்கும். ஓர் இழையைப் பிரித்தெடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. அலுமினிய வயரின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதைத்தான் போடுவதென்றால் இரண்டு அளவு தடிமனானதை வாங்க வேண்டும்.

இனி நான் எல்லோரிடமும் சொல்வது: ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்பின் மீதே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஆம்ப்பைக் காப்பதற்கானது. பேட்டரிக்கு அருகில் உள்ள ஃபியூஸ் வயரைக் காப்பதற்கானது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைத்தால், ஓட்டத்தின் அதிர்வில் உறை தேய்ந்து செம்பு பாடியைத் தொடும். அந்தக் கணத்தில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் அமைப்புக்கு 60 அல்லது 80 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும்.

கேள்வி (ஐ20, கோவை): பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா சார்?

பதில்: ஆகாது. 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்வரை 1 ஃபாரட் கெப்பாசிட்டர் தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 32 ஜூல். 625 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குத்தான் வரும். பிறகு அதே ஆல்டர்னேட்டர்தான் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் கருவி) அந்தக் கெப்பாசிட்டரையும் மீண்டும் நிரப்ப வேண்டும். அந்தப் பணத்தில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் செல்லும் மூன்று வயர்களைத் தடிமனாக மாற்றுங்கள். நெகட்டிவ் முனையில் கரன்ட் சென்சார் உள்ள கார்களில் ஆம்ப்பின் எர்த் (நெகட்டிவ்) வயரை நேராக அந்த முனையில் கட்டாமல் பாடியில் கட்ட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியின் நிலையைக் கார் தவறாகக் கணக்கிடும்.

கேள்வி (பலேனோ, தஞ்சாவூர்): 500 வாட் ஆம்ப்புக்குக் கடையில் தரும் கிட் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில்.

கேள்வி (அமேஸ், புதுச்சேரி): மூடிய பெட்டியா, போர்ட் (காற்றுக்குழாய்) வைத்த பெட்டியா? குத்துப்பாட்டுதான் அதிகம் கேட்பேன்.

பதில்: மூடிய பெட்டியில் ஒத்ததிர்வு எல்லைக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் குறைகிறது. காருக்குள்ளோ, ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரை அலைநீளம் கேபினின் நீளத்தைத் தாண்டிவிடுவதால், சப்வூஃபர் கூம்பின் ஒவ்வோர் அசைவும் உள்ளிருக்கும் காற்று முழுவதையும் அழுத்துகிறது; அதனால் கிடைக்கும் ஏற்றமும் கணக்குப்படி அதே 12 டெசிபல். கதவு இடுக்குகளில் கசிவது போக மீதி உங்களுக்குக் கிடைக்கும். வீட்டில் மெலிந்து ஒலிக்கும் மூடிய பெட்டி காரில் நிறைவாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். போர்ட் பெட்டி இன்னும் உரக்க ஒலிக்கும். ஆனால் போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

அளவைக் கடைக்காரரின் கைக்கணக்குக்கு விட்டுவிடாதீர்கள். சப்வூஃபரின் தாளில் உள்ள இரண்டு எண்கள் போதும். கியூ.டி.எஸ். (கூம்பின் அசைவு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதன் அளவு) 0.5, வி.ஏ.எஸ். (கூம்பின் இழுவைக்கு ஈடான காற்றின் கன அளவு) 40 லிட்டர் என்று இருந்தால், பெட்டியோடு சேர்ந்த கியூ சமநிலையான 0.707 மதிப்பு பெற 40 லிட்டர் பெட்டி வேண்டும். பெட்டியைப் பாதியாக்கினால் அந்த மதிப்பு 0.87 ஆக உயர்ந்து பேஸ் சற்றே புடைத்து ஒலிக்கும். குத்துப்பாட்டில் அடி விழும் கணத்தின் கூர்மை சப்வூஃபரிலிருந்து வருவதில்லை, கதவு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. ஆகவே முதலில் கதவைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (வேகன் ஆர், திருநெல்வேலி): கதவு, தரை, கூரை எல்லாவற்றையும் நூறு சதவீதம் டேம்பிங் ஷீட்டால் மூட வேண்டும் என்கிறார் கடைக்காரர். கால்வாசி போதும் என்று நீங்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். எது சரி?

பதில்: டேம்பிங் ஷீட் சத்தத்தைத் தடுக்கும் சுவர் அல்ல. அலுமினியத் தாளுக்கும் காரின் தகட்டுக்கும் இடையே பியூட்டைல் ரப்பர் சிக்கிக்கொள்கிறது. தகடு வளையும்போது அந்த ரப்பர் இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றுகிறது. தகடு அதிகம் வளைவது நடுப்பகுதியில் என்பதால் அங்கே கால்வாசிப் பரப்பை மூடினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள்: ஒட்டுவதற்கு முன் 'டங்ங்' என்று இழுபடும் ஓசை, நடுவில் ஒரு துண்டு ஒட்டி ரோலரால் அழுத்தியதும் 'டொக்' என்று அறுந்துவிடும். அதன் பிறகு உள்தகட்டில் உள்ள பெரிய துளைகளை அடையுங்கள். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வது நிற்கும். கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துவிடும்.

மறுப்பு (சேலத்திலிருந்து ஒருவர்): நான் முழுவதும் ஒட்டியிருக்கிறேன். செல்போனில் அளந்து பார்த்தால் 3 டெசிபல் குறைந்திருக்கிறது. கால்வாசி என்பது ஏட்டுச் சுரைக்காய்.

பதில்: உங்கள் 3 டெசிபலை நான் நம்புகிறேன், ஆனால் அது டேம்பிங்கால் வந்ததல்ல. 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 5.5 கிலோ. அதன் மேல் 3 கிலோ ஷீட்டை ஒட்டினால், எடை கூடியதாலேயே அந்தத் தகட்டின் வழியே வரும் சத்தம் 3, 4 டெசிபல் குறைய வேண்டும். ஆக, விலை உயர்ந்த டேம்பிங் ஷீட்டை நீங்கள் வெறும் எடைக்கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எடைதான் வேண்டுமென்றால், மூடிய துளை நுரையின் (குமிழிகள் தனித்தனியே மூடியிருக்கும் நுரை) மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் விரிப்பைத் தரையில் போடுவது அதைவிடப் பலன் தரும். நுரை இரண்டு அடுக்குகளையும் பிரித்து வைப்பதே காரணம்.

மறுப்பு (அதே சேலம் நண்பர்): வினைல் போட சீட் முழுவதையும் கழற்ற வேண்டும். யார் செய்வார்கள்?

பதில்: தரையில் ஷீட் ஒட்டவும் சீட்டைக் கழற்றத்தானே வேண்டும்? அளப்பதென்றால் ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே டயர் காற்றழுத்தம், ஏசி விசிறி நிறுத்திய நிலை என்று இரண்டு முறையும் ஒன்றுபோல வைத்து அளந்து அனுப்புங்கள், மேலும் பேசுவோம்.

இடைக்கேள்வி (சென்னை): சண்டைக்கு நடுவே மன்னிக்கவும். மொட்டை மாடி ஒழுகலுக்குப் போடும் தார் ஷீட்டைக் கூரையில் ஒட்டலாமா? விலை கால்வாசிதான்.

பதில்: கூடவே கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகட்டில் தார் இளகிவிடும். அப்படி ஒட்டிய ஒரு கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன்: ஷீட் தகட்டைவிட்டு உரிந்து, கண்ணாடி இறங்கும் தண்டவாளத்தில் சுருண்டு கிடந்தது; கண்ணாடியின் அடிவிளிம்பு முழுக்கக் கறுப்புப் பசை; பவர் விண்டோ மோட்டார் இழுக்க முடியாமல் முனகியது. டீசல் வாடையைப் போன்ற அந்த நெடி சீட் துணியிலிருந்து கடைசிவரை போகவில்லை. இதில் சேலம் நண்பரும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

கேள்வி (டியாகோ, நாகர்கோவில்): என் ஆம்ப் மீது '3000 வாட்' என்று போட்டிருக்கிறது. ஃபியூஸ் 30 ஆம்பியர்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: ஃபியூஸ் பொய் சொல்லாது. 30 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். அதிலும் ஐந்தில் நான்கு பங்குதான் வெளியே வரும். அந்த ஃபியூஸைக் கழற்றிப் பெரியதாகப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (எக்கோஸ்போர்ட், வேலூர்): ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம் ஏறுகிறது.

பதில்: ஆல்டர்னேட்டர் ஓசை. ஆம்ப்பின் எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கிறதா, அது பெயின்ட் சுரண்டிய வெறுந்தகட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பவர் வயரும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாகச் சென்றால் பிரித்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): வீட்டு ஹோம் தியேட்டருக்குக் கார் ஆம்ப்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: அது என் துறை அல்ல, வீட்டு ஒலியமைப்பு செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (வென்யூ, திருச்சி): கிட் வாங்கிவிட்டேன். ஃபியூஸை டிக்கியில் வைத்தால் பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன். 45 சென்டிமீட்டர்.

கேள்வி (நெக்ஸான், கரூர்): கெயினை எவ்வளவு வைக்க வேண்டும்? முழுவதும் திருப்பினால்தானே முழு வாட் வரும்?

பதில்: கெயின் என்பது வால்யூம் அல்ல; ஸ்டீரியோவின் வெளியீட்டையும் ஆம்ப்பின் உள்ளீட்டையும் பொருத்துவதற்கான திருகு. சப்வூஃபர் வயரைக் கழற்றி, ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்ட்டையும் அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் வெளியீட்டை அளந்தபடி கெயினை மெதுவாக ஏற்றுங்கள். வாட்டையும் சப்வூஃபரின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். அதற்கு மேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) சூடேறிக் கருகும். பிறகு லோபாஸை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வைத்து, கதவு ஸ்பீக்கர்களுக்கு அதே 80-இல் ஹைபாஸ் (உயர்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) கொடுங்கள். சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் வயர்களை ஒரு முறை மாற்றிப் போட்டுக் கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் எந்த இணைப்பில் நிறைவாக இருக்கிறதோ அந்த இணைப்பிலேயே விட்டுவிடுங்கள்.